பட்டியலில் இல்லாத பெயர்கள்

2017 ஜனவரி 25 அன்று காலையில், விருதுநகரை அடுத்த எங்கள் ஊரின் பெரிய தெருவில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். வாக்களிப்பது கடமை, வாக்கை விற்காதீர் என்று எழுதிய அட்டைகளைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அன்று தேசிய வாக்காளர் நாள். அதே நேரத்தில் என் பெரியப்பா வெளுத்த வேட்டியும் சட்டையில் குத்திய கறுப்புத் துணியுமாகப் பேருந்து நிறுத்தத்துக்குக் கிளம்பி வந்தார். அன்று மொழிப்போர் தியாகிகள் நாளும்கூட என்பதால் நகரத்தில் வீரவணக்கக் கூட்டம் இருந்தது. பிள்ளைகளின் வரிசை கடந்து போகும்வரை அவர் தேநீர்க்கடைப் பந்தலுக்கு அடியில் ஒதுங்கி நின்றார். நான் முந்தைய நாள் இரவுதான் சென்னையிலிருந்து வந்து இறங்கியிருந்தேன். மெரினாவில் ஐந்து நாள் முழக்கமிட்டதில் தொண்டை கட்டிப்போய்க் குரல் எழும்பவில்லை. எனக்கு அப்போது இருபது வயது நிறைந்திருந்தது. வாக்காளர் பட்டியலில் என் பெயர் இல்லை.

ஒரே தேதியில் இந்த இரண்டு நாள்களும் வந்து அமர்ந்ததை யாரும் திட்டமிடவில்லை. குடியரசு ஆவதற்கு ஒரு நாள் முன்பாக, 1950 ஜனவரி 25 அன்று, இந்தியத் தேர்தல் ஆணையம் அமைந்தது. அதை நினைவில் வைத்து 2011 முதல் அந்த நாளை வாக்காளர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். 1964-இல் அதே ஜனவரி 25 அன்று கீழப்பழுவூர் சின்னசாமி இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியில் தீக்குளித்தார். அடுத்த ஆண்டு அதே நாளில் மதுரை மாணவர்களின் ஊர்வலம் மோதலாக மாறி, போராட்டம் மாநிலம் முழுவதும் பற்றிக்கொண்டது. முதலாவது, வாக்குகளை எண்ணும் அமைப்புக்கான நாள். இரண்டாவது, பெரும்பாலும் வாக்கே இல்லாத இளைஞர்களின் நாள். 'இந்தக் காலத்துப் பிள்ளைகள் தெருவுக்கு வருவார்கள், வாக்குச்சாவடிக்கு வரமாட்டார்கள்' என்று ஒவ்வொரு தேர்தலின்போதும் தொலைக்காட்சியில் யாராவது சலித்துக்கொள்ளும்போது எனக்கு அந்தத் தேநீர்க்கடைப் பந்தல்தான் நினைவுக்கு வருகிறது. அந்தச் சலிப்பில் பாதி உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பெரியப்பா 1965-இல் மதுரையில் புகுமுக வகுப்புப் படித்துக்கொண்டிருந்தார், வயது பதினேழு. ஆங்கிலம் பதினைந்து ஆண்டுகள் தொடரும், அதன்பின் இந்தியே ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்று அரசமைப்புச் சட்டம் வகுத்திருந்த கெடு அந்த ஆண்டு ஜனவரி 26 அன்று முடிந்தது. 1963-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிகள் சட்டம் ஆங்கிலம் 'தொடரலாம்' என்றுதான் சொன்னது. 'தொடரும்' என்று சொல்லவில்லை. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் இருக்கும் என்று நேரு அளித்த வாக்குறுதி சட்டத்தில் ஏறவில்லை. 'லாம்' என்ற ஒரு விகுதிக்காகத் தெருவுக்கு வந்த தலைமுறை அது என்று பெரியப்பா பெருமையாகச் சொல்வார். இலக்கணத்தை வைத்து இவ்வளவு பெரிய போராட்டம் வேறெங்கும் நடந்திருக்குமா என்று எனக்கும் சில நேரம் தோன்றும். ஜனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அடுத்த இரண்டு வாரங்களில் மாநிலம் எங்கும் பலர் உயிரிழந்தார்கள். பிப்ரவரி 11 அன்று மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள்; அன்றிரவு பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் வாக்குறுதி காக்கப்படும் என்றார்.

இதற்கிடையில் கல்லூரிகளை மூடிவிட்டார்கள். மாணவர்களைக் கலைப்பதற்கு அதுவே எளிய வழி என்று அரசுக்குத் தோன்றியிருக்கும். ஆனால் விடுதி காலியானதும் பெட்டியோடு அவர்கள் போய் இறங்கிய இடம் அவரவர் ஊர்தான். நகரத்தில் ஊர்வலம் போனவன் இப்போது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வாக்குரிமை உள்ள பெற்றோரிடமும் அத்தை மாமாவிடமும் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தான். அன்றைக்கு வாக்களிக்கும் வயது 21. தெருவில் நின்றவர்களில் பெரும்பான்மையோருக்கு 1967 பிப்ரவரியிலும் அந்த வயது நிறையவில்லை. பெரியப்பாவுக்கு அப்போது பத்தொன்பது. ஆகவே அந்தத் தேர்தலில் மாணவர்களின் பங்கு என்று நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் மாணவர்கள் போட்ட வாக்குகள் அல்ல. அவர்கள் கேட்டு வாங்கிய வாக்குகள்.

எங்கள் விருதுநகர்த் தொகுதி இதற்கு உரைகல். அகில இந்தியக் காங்கிரசின் தலைவராக இருந்த காமராசர் தம் சொந்த ஊரில் நின்றார்; எதிரே நின்றவர், மொழிப் போராட்டத்தில் முன்னணியில் இருந்த மாணவர் தலைவர் பெ. சீனிவாசன். காமராசர் தோற்றார்; வித்தியாசம் 1,285 வாக்குகள். ஒரு பெரிய கிராமத்தின் வாக்குகளுக்குள் அடங்கிவிடும் எண்ணிக்கை அது. பெரியப்பாவும் அவருடைய நண்பர்களும் மிதிவண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சுண்ணாம்பில் உதயசூரியன் வரைந்திருக்கிறார்கள். ஆனால் அவருடைய முக்கியமான போராட்டம் அடுப்பங்கரையில் நடந்தது. என் பாட்டிக்குக் காமராசர் 'நம்ம ஊர்ப் பிள்ளை'. அதுவரை இரட்டைக் காளையைத் தவிர வேறெதிலும் முத்திரை குத்தியதில்லை. மகன் இரண்டு நாள் சாப்பிட மறுத்தான். மூன்றாம் நாள் அவர் இறங்கி வந்தார்.

"மருதையில பஸ்ஸ மறிச்சதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி, எங்க ஆத்தாள மறிச்சதுதான் கஷ்டம்" என்று பெரியப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். பாட்டி வாக்களித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுததையும் சொல்வார். அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வருவதில்லை.

மாணவர்கள்தான் ஆட்சியை மாற்றினார்கள் என்று சொல்லிவிட நான் தயாராக இல்லை. அரிசித் தட்டுப்பாடு மக்களை வாட்டியிருந்தது. 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்ற முழக்கம் வயிற்றோடு பேசியது. ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டு, கழுத்தில் கட்டோடு அவர் இருந்த படம் சுவரெங்கும் ஒட்டப்பட்டது. ராஜாஜியையும் காயிதே மில்லத்தையும் ஒரே அணியில் சேர்த்த கூட்டணிக் கணக்கும் இருந்தது. ஆனாலும் இவை எல்லாவற்றையும் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்த கால்கள் பெரும்பாலும் வாக்கில்லாத கால்கள். பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் பெயர் இருப்பவர்களின் வழியாகத் தேர்தலுக்குள் நுழைந்தார்கள்.

வயது வரம்பு இறங்கியதற்கு அதன்பிறகு 22 ஆண்டுகள் ஆயின. 61-ஆவது அரசமைப்புத் திருத்தம் 1989 மார்ச் 28 அன்று நடைமுறைக்கு வந்து, 21 என்பது 18 ஆனது. தமிழ்நாட்டின் சட்டமன்றத் தேர்தல் அந்த ஆண்டு ஜனவரியிலேயே முடிந்துவிட்டதால், இங்கே பதினெட்டு வயதுக்காரர்கள் முதன்முதலாக வரிசையில் நின்றது நவம்பர் மாத மக்களவைத் தேர்தலில்தான். வயது இறங்கினாலும், பெயர் சேர்ப்பதற்கான தகுதிநாள் ஆண்டுக்கு ஒன்றுதான், அதுவும் ஜனவரி 1 என்பது நீண்ட காலம் மாறவில்லை. ஜனவரி 2-இல் பிறந்தவருக்குப் பதினெட்டு நிறைந்தும் ஏறக்குறைய ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2022 ஆகஸ்டு முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள் என நான்கு தகுதிநாள்கள் வந்தன; பதினேழு வயது நிறைந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் வழி செய்தார்கள். நல்ல மாற்றம்தான். நான் படித்த காலத்தில் அது இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் எனக்கு இடமில்லை. நான் 1996 செப்டம்பரில் பிறந்தவள். 2016 மே மாதச் சட்டமன்றத் தேர்தலின்போது எனக்குப் பத்தொன்பது வயது. சென்னையில் விடுதியில் இருந்தேன். பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6 என்று ஒன்று இருப்பது தெரியும். நிரப்பவில்லை, அவ்வளவுதான்.

அந்த நிலையில்தான் நான் மெரினாவுக்குப் போனேன். ஜல்லிக்கட்டுக்கு 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் விதித்த தடையால் மூன்றாவது பொங்கலாக வாடிவாசல் மூடிக் கிடந்தது. அலங்காநல்லூரில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்களை 2017 ஜனவரி 17 காலையில் பிடித்துச் சென்றார்கள் என்ற செய்தி கைப்பேசிகளில் பரவ, அன்றே சென்னையில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே சிலர் கூடினார்கள். மறுநாள் மாலை நான் போனபோது கடற்கரைச் சாலையில் கால் வைக்க இடமில்லை. விளக்குகள் அணைந்த இரவில் ஆயிரக்கணக்கான கைப்பேசி வெளிச்சங்கள் ஒரே நேரத்தில் எழுந்ததை இப்போது நினைத்தாலும் உடல் சிலிர்க்கிறது. கட்சிக் கொடிகளை உள்ளே விடக்கூடாது என்பதில் எல்லாரும் உறுதியாக இருந்தோம். பெண்கள் இரவு முழுவதும் அச்சமின்றி மணலில் உறங்கினோம். அதற்கு முன்பும் பின்பும் அந்த நகரம் எனக்கு அப்படியொரு இரவைத் தந்ததில்லை.

மூன்றாம் நாள் இரவு நடுக்குப்பத்திலிருந்து ஓர் அக்கா குடத்தில் தண்ணீரும் தூக்குப் பாத்திரத்தில் சோறும் கொண்டுவந்தார். அங்கேயே சந்தையில் மீன் விற்பவர். ஊர் எது என்று கேட்டார்; சொன்னேன்.

"ஓட்டு அங்க கீதா, இங்க கீதா?"

"இன்னும் எடுக்கலக்கா."

"அடிப்பாவி, ஓட்டே இல்லாதவ இன்னாத்துக்கு மந்திரி பேரச் சொல்லிக் கத்தினு கீற?" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்லத் தெரியும்: அமைதியாகக் கூடும் உரிமையை அரசமைப்புச் சட்டம் 19-ஆவது பிரிவில் எல்லாக் குடிமக்களுக்கும் தருகிறது, அதற்கு வயது வரம்பு போடவில்லை, எந்தத் தெருவில் எந்தக் கதவு எண்ணில் குடியிருக்கிறாய் என்றும் கேட்கவில்லை. வாக்குரிமைக்கு வயதும் வேண்டும், முகவரியும் வேண்டும், அந்த முகவரி ஒரு பட்டியலில் ஏறியிருக்கவும் வேண்டும். ஆனால் அந்த அக்காவின் கேள்வி சட்டம் பற்றியதன்று என்பதும் இப்போது புரிகிறது. சத்தம் போட்டு முடித்த பிறகு எதைக்கொண்டு அவர்களைப் பிடித்து நிறுத்துவாய் என்பதுதான் அவர் கேட்டது.

ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம் வந்தது. 23 அன்று சட்டமன்றத்தில் சட்டமுன்வடிவு நிறைவேறியது. அதே நாள் காலையில் கடற்கரையிலிருந்து எங்களை அப்புறப்படுத்தினார்கள். அன்றே நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்தது. அந்த அக்காவின் கடை என்ன ஆயிற்று என்று போய்ப் பார்க்காமலேயே நான் ஊருக்குப் பேருந்து ஏறினேன். இதை எழுதும்போதும் அது உறுத்துகிறது.

1965-ஐயும் 2017-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, கட்சிகளை ஒதுக்கி வைத்ததால்தான் மெரினா அரசியலாக மாறவில்லை என்று பலரும் சொல்வது எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. 1965-இலும் மாணவர்கள் தங்களைக் கட்சி சாராதவர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். வேறுபாடு, கோரிக்கை நிறைவேறிய வேகத்தில் இருக்கிறது. எங்களுக்கு ஏழே நாளில் சட்டம் கிடைத்தது. அந்தச் சட்டத்தை 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. வென்ற கூட்டத்துக்கு அடுத்து எதைக் கேட்பது என்று தெரியவில்லை. அவர்களுக்கோ வானொலியில் ஒரு வாக்குறுதி மட்டும்தான் கிடைத்தது. அது நாடாளுமன்றத்தில் சட்டமாக நிறைவேறியது 1967 டிசம்பரில், தேர்தலும் முடிந்து மாநிலத்தில் ஆட்சியும் மாறிய பிறகு. தேர்தல் வரையிலான இரண்டு ஆண்டுகளும் அவர்களுடைய ஐயம் ஆறாமல் இருந்தது. அந்த ஐயம்தான் வாக்குச்சாவடி வரைக்கும் நடந்து போயிற்று.

எங்களுக்கு நடந்து போவதற்கு வாக்குச்சாவடியும் இல்லை. அதை நான் வெகு காலம் கழித்துத்தான் உணர்ந்தேன். மெரினா கலைந்த இரண்டே வாரத்தில், பிப்ரவரி 7 இரவு, முதலமைச்சர் பன்னீர்செல்வம் அதே கடற்கரையில் ஜெயலலிதாவின் நினைவிடத்தில் கண்மூடி அமர்ந்தார். 18-ஆம் தேதி சட்டமன்றத்தில் எடப்பாடி பழனிசாமி 122 வாக்குகளோடு நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றார். 'மீண்டும் மெரினா' என்று எங்கள் வாட்ஸ்அப் குழுக்கள் அலறின. கடற்கரை முழுவதும் காவல் போடப்பட்டிருந்தது. அந்த நேரத்தில் உள்ளாட்சித் தேர்தல் இருந்திருந்தால் அந்தச் சூடு ஏதோ ஓர் ஊராட்சியிலோ மாநகராட்சி வட்டத்திலோ போய் இறங்கியிருக்கும். ஆனால் 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் நின்றுபோயிருந்தது. ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரில்தான் நடந்தது, புதிதாகப் பிரிக்கப்பட்டவை உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்கள் நீங்கலாக. நகர்ப்புறங்களில் 2022 பிப்ரவரி வரை நடக்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சென்னைக்கு ஒரு மாமன்ற உறுப்பினர்கூடக் கிடையாது. சட்டமன்றத்துக்கு நிற்க 25 வயது வேண்டும். உள்ளாட்சிக்கு 21 போதும். இளைஞர்களுக்கு மிக அருகில் இருக்கும் கதவு எது என்று கேட்டால் அதுதான். அது திறந்தபோது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் ஊராட்சிக்கும், 2021-இல் தென்காசி மாவட்டத்தில் இன்னோர் ஊராட்சிக்கும் 21 வயதே ஆன இளம் பெண்கள் தலைவர்களானார்கள். கதவு பூட்டிக் கிடந்த ஆண்டுகளில் யார் யார் அந்த வயதைக் கடந்துபோனார்கள் என்பதற்குக் கணக்கு ஏது?

நான் 2018 நவம்பரில் எங்கள் ஊர்ப் பள்ளியில் நடந்த சிறப்பு முகாமில் படிவம் 6 கொடுத்தேன். பெரியப்பாதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அதற்குள் எனக்குத் திருப்பெரும்புதூரில் வேலை கிடைத்திருந்தது. எந்த முகவரியைக் கொடுப்பது என்று அப்போதே ஒரு குழப்பம். சட்டப்படி ஒருவர் வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் பெயர் இருக்கவேண்டும், இரண்டு இடங்களில் இருக்கக்கூடாது. ஆனால் இருபதிலிருந்து முப்பது வரை ஒருவர் வழக்கமாக வசிக்கும் இடம் எது? கல்லூரி விடுதி, அதன்பின் ஐந்து பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீடு, அதை வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னதும் இன்னொன்று, அதற்கடுத்து வேறொரு நகரம். வாடகை ஒப்பந்தம் எழுதித் தரவே தயங்கும் வீட்டுக்காரரிடம் வாக்காளர் பட்டியலுக்குச் சான்று கேட்க யாருக்கும் நா எழாது. ஓரிடத்தில் வேர்பிடித்து நிற்கும் மனிதரை மனத்தில் வைத்துத்தான் பட்டியல் உருவாக்கப்பட்டிருக்கிறது; இளமை என்பதோ இடம் பெயர்ந்துகொண்டே இருக்கும் பருவம். 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன்பு நாடு முழுவதும் பட்டியலில் இருந்த 18, 19 வயதினர் ஏறத்தாழ 1.8 கோடி, அந்த வயதில் உள்ள மக்கள்தொகையில் அது பாதிகூட இல்லை. எஞ்சியவர்கள் வாக்குச்சாவடிக்கு வராதவர்கள் என்ற கணக்கில்கூடச் சேரமாட்டார்கள். வாக்குப்பதிவு விழுக்காடு பட்டியலில் இருப்பவர்களை வைத்துத்தானே கணக்கிடப்படுகிறது?

அதே தேர்தலில் தருமபுரியில் வாக்குப்பதிவு 81 விழுக்காட்டைத் தாண்டியது. மத்திய சென்னையில் 54-ஐ ஒட்டியே நின்றது. சென்னைக்காரர்களின் அக்கறையின்மை என்று உடனே தலையங்கங்கள் வந்தன. வீடு மாறிப் போனவர்களின் பெயரும் இறந்தவர்களின் பெயரும் நீக்கப்படாமல் கிடந்தால் நகரத்தின் விழுக்காடு தானாகவே குறையும். நகரத்தில் வசித்துக்கொண்டு வாக்கை ஊரில் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் எந்தக் கணக்கில் வருகிறோம் என்பது இன்னொரு கேள்வி. அக்கறையின்மை இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. விடுமுறை நாளாகப் பார்த்து ஏற்காடு போன நண்பர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் 2019 ஏப்ரல் 17 இரவு கோயம்பேட்டில் நான் பார்த்ததையும் சொல்லவேண்டும். மறுநாள் வாக்குப்பதிவு, அதை ஒட்டிப் புனித வெள்ளியும் வார இறுதியும் வந்ததால் சென்னை மொத்தமும் ஊருக்குக் கிளம்பியது போலக் கூட்டம். பேருந்துகள் போதவில்லை. முன்பதிவு செய்யாத ஆயிரக்கணக்கானோர் நடைமேடைகளில் நின்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள். பதினொரு மணிக்கு மேல் பொறுமை போய்ச் சிலர் சாலையில் உட்கார்ந்தார்கள். 'ஓட்டுப் போட பஸ் விடு' என்று யாரோ தொடங்க, நானும் உட்கார்ந்தேன். மெரினாவில் இருந்த முகங்களே இங்கும் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வாக்களிக்கப் போவதற்காக ஒரு மறியல்! வாக்காளர் நாள் அட்டைகளில் இந்தக் காட்சியை யாரும் வரையமாட்டார்கள்.

ஒருவழியாக அதிகாலையில் இடம் கிடைத்து, நின்றுகொண்டே பயணம் செய்தேன். மதுரையை நெருங்கியபோது பகல் ஏறிவிட்டது. அன்று சித்திரைத் தேரோட்டம், மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார் என்பதால் மதுரைத் தொகுதிக்கு மட்டும் வாக்குப்பதிவை இரவு எட்டு மணி வரை நீட்டியிருந்தார்கள். எங்கள் தொகுதிக்கு ஆறு மணிதான். ஊர்ப் பள்ளி வாசலில் இறங்கியபோது மணி ஐந்தே கால். பெரியப்பா எனக்காக வாக்குச்சாவடி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வயதில் என் விரலில் முதல் மை.

இப்போது நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். விடுதி மாணவர்கள் கல்லூரி தரும் சான்றை இணைத்து விடுதி முகவரியிலேயே பெயர் சேர்க்கலாம், விரும்பினால் சொந்த ஊரிலும் வைத்துக்கொள்ளலாம் என்பதை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறேன். பெரும்பாலோர் ஊரையே தேர்ந்தெடுக்கிறார்கள். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கி, வீடு வீடாகக் கணக்கீட்டுப் படிவம் கொடுத்தபோது, அந்தப் பிள்ளைகள் ஊரில் இல்லை. வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று விதி இருந்தது. அந்த வாரம் முழுவதும் வகுப்பு இடைவேளைகளில் என் மாணவர்கள் தொலைபேசியில் அம்மாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்: படிவத்தை வாங்கி வை, போட்டோவை ஒட்டு, பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வரும்போது வயலுக்குப் போய்விடாதே. அறுபது ஆண்டுக்கு முன்பு மகன் தாயிடம் வாக்கைக் கேட்டான். இப்போது தன் வாக்கைக் காப்பாற்றித் தரும்படி கேட்கிறான்.

பெரியப்பாவிடம் ஒரு நாள் அவருடைய முதல் வாக்கைப் பற்றிக் கேட்டேன். 1971-இல் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை என்றார். அந்த ஆண்டு அவருக்கு இருபத்து மூன்று வயது. கோயம்புத்தூரில் ஒரு மில்லில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். ஊர்ப் பட்டியலில் பெயர் சேர்க்க ஆள் இல்லை, கோயம்புத்தூர்ப் பட்டியலில் சேர்க்கத் தோன்றவில்லை. பதினேழு வயதில் மதுரைத் தெருவில் நின்றவர், முதன்முதலாக வாக்களித்தது 1977-இல், இருபத்தொன்பதாவது வயதில்.

"யாருக்குப் போட்டீங்க பெரியப்பா?"

"அது எதுக்கு இப்ப? ஆத்தாவுக்குப் புடிச்ச மாதிரி போட்டேன்னு வச்சுக்க."

அதற்கு மேல் எவ்வளவு கேட்டும் அவர் சொல்லவில்லை.